தூதர் ஜோசப் கிரூவின் வாழ்க்கை

தூது என்னும் தொழில் தமிழ் மக்கள் பண்டு தொட்டு அறிந்ததொன்று. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தருளினார். அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு கூறும். பாண்டவர் பொருட்டுக் கண்ணபிரான் துரியோதனன் அவைக்குத் தூது சென்றதனை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் தூதரை இருவகையாகப் பிரித்துக் காட்டுவார். இடமும் காலமும் நோக்கிச் சொல்ல வேண்டுவதனைத் தானே வகுத்துக் கூறுவோன் ஒருவன். அரசன் கூறியதனை அவ்வாறே சென்று கூறுவோன் மற்றொருவன்.

இப்பாகுபாடு பழைய நூல்களோடு ஒழிந்ததன்று. தந்தி தோன்றிய பின்னர் உலகின் தூதர் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர் ஆயினர். தலைநகரிலிருந்து கட்டளை வரும். அதனை அந்நிய நாட்டு மந்திரியிடம் சேர்ப்பித்து, அவர் தரும் மறுமொழியைத் தந்தியில் அனுப்புவதோடு கடமை முடியும். அத்தகைய காலத்திலும் முதல் வகைத் தூதராக நிற்க முயன்ற ஒருவரின் வரலாற்றை இத்திங்கள் நம் அன்பர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சார்பில் ஜப்பானில் பத்தாண்டு தூதராயிருந்த ஜோசப் கிளார்க் கிரூ என்பவர். அவர் மேற்கொண்ட தூது வெற்றி பெறவில்லை. ஆயினும் அவர் வாழ்க்கை நாம் அறியத்தக்கது என்பது எம் கருத்து. அதன் காரணத்தை வரலாறே காட்டும்.

பிறப்பும் இளமையும்

கிரூ 1880-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் தேதி பாஸ்டன் நகரத்தில், செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தில் பிறந்தார். குரோட்டன் என்னும் பெயர்பெற்ற பள்ளியிலும், பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் கற்று, 1902-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் ஜனாதிபதியான பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டும் அவ்விரண்டு கல்விச்சாலைகளிலும் இவருக்கு இளையவராய்ப் பயின்றவர். கிரூவுக்குச் செவிப்புலன் குறைவு. பிறர் கூறுவதனைக் கூர்ந்து கேட்பதனையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இஃது எத்துணை இடையூறு என்பது சொல்லாமலே விளங்கும். அவ்விடையூற்றோடுதான் அவர் நாற்பதாண்டு உழைத்தார்.

பட்டம் பெற்றபின் அவர் கீழ்த்திசை நாடுகளைக் காணப் புறப்பட்டார். மலாய் நாட்டில் மலேரியாக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டு, இந்தியாவில் தங்கி உடல் தேறினார். ஆங்கிருந்த அமெரிக்கக் கொன்ஸல் ஒருவருடைய நட்பு அப்போது அவருக்கு வாய்த்தது. கொன்ஸல் என்பவர் அந்நிய நாட்டுத் துறைமுக நகரங்களில் தம் நாட்டவரின் வாணிகத்தையும் நலத்தையும் பேணும் அதிகாரி. அவருடன் பழகிய பழக்கத்தால், தம் குடும்பத்தார் எதிர்பார்த்த பணத்தொழிலை விடுத்து வெளிநாட்டு உத்தியோகத்தில் புகவேண்டும் என்னும் எண்ணம் கிரூவின் உள்ளத்தில் வேரூன்றிற்று. அவ்வகையில் இவர் வாழ்க்கையின் திருப்பம் நம் பாரத நாட்டு மண்ணிலேயே நேர்ந்தது.

அடிப்படியிலிருந்து

1904-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுக் கைரோ நகரத்துக் கொன்ஸல் அலுவலகத்தில் கிரூ ஒரு குமாஸ்தாவாக அமர்ந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளை பேரேடுகளுக்கிடையே எழுதுகோல் பிடித்து உட்கார்ந்தமை அவர் சுற்றத்தார்க்கு வியப்பாயிருந்திருக்கும். அடுத்த ஆண்டில் ஆலிஸ் பெரி என்னும் மங்கையை மணந்தார். 1853-ஆம் ஆண்டில் போர்க்கப்பல்களோடு சென்று ஜப்பானின் வாயிலைத் திறக்கச் செய்த கடற்படைத் தலைவர் பெரியின் குடும்பத்தில் வந்தவர் இவ்வம்மையார். இவர்தம் தந்தையார் டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தவராதலின், இளமையில் சில ஆண்டு ஜப்பானில் வாழ்ந்தவருமாவர்.

அக்காலத்தில் அமெரிக்காவில் தூதுத்துறைப் பதவிகள் பெரும்பாலும் வேண்டியவர்க்கு வழங்கப்பட்டன. கிரூவும் அதற்கு விலக்கல்லர். முன்னர்க் கீழ்த்திசைப் பயணத்தில், தென்சீனத்து அமாய் நகரத்தருகே குகையினுள் நுழைந்து ஒரு புலியை அவர் சுட்டிருந்தார். வேட்டைப் பிரியரான ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார். 1906-இல் மெக்சிகோவில் மூன்றாம் காரியதரிசிப் பதவி கிரூவுக்குக் கிடைத்தது. புலி ஒன்று வாயிலைத் திறந்துவிட்டது உண்மையே. ஆனால் வாயிலுக்கு அப்பாலுள்ள படிகளை அவர் ஒவ்வொன்றாக ஏறியே கடந்தார். 1907-இல் ரஷ்யத் தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1908-இல் பெர்லின், 1911-இல் வியன்னா, 1912-இல் மீண்டும் பெர்லின் என்று ஊர்கள் மாறின. மூன்றாம் காரியதரிசி இரண்டாமவராகவும் முதல்வராகவும் ஆலோசகராகவும் உயர்ந்தார்.

முதல் உலகப் போர் 1914-இல் மூண்டபோது அவர் பெர்லினில் இருந்தார். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்க, வியன்னாத் தூதகத்தைப் பூட்டிவிட்டு வெளியேறும் வேலை அவர் தலைமேல் விழுந்தது. ஒரு தூதகத்தின் கதவு அடைபடுவது எத்தகைய துன்பம் என்பதனை அன்றே அவர் கண்டார். பின்னர் 1919-ஆம் ஆண்டு பாரிஸ் சமாதான மகாநாட்டில் அமெரிக்கக் குழுவின் காரியதரிசியாகவும், டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் மினிஸ்டராகவும் பணியாற்றினார். தூதருள் அக்காலத்தில் இருதரம் உண்டு. சிறிய நாடுகட்குச் செல்வோர் மினிஸ்டர் என்றும், பெரிய நாடுகட்குச் செல்வோர் அம்பாஸிடர் என்றும் வழங்கப்பட்டனர். லோசான் நகரத்தில் துருக்கியோடு உடன்படிக்கை பேசி 1923-இல் கையொப்பமிட்டவரும் கிரூவே. அவ்வுடன்படிக்கையை அமெரிக்க செனட் சபை 1927-இல் தள்ளிவிட்டது. தாம் பேசி முடித்ததனைத் தம் நாட்டவரே ஏற்காமல் விடும் துன்பம் தூதர்க்கு உண்டு என்பது அவர்க்கு முதலில் விளங்கியது இதனாலேயாம்.

உத்தியோக முறையைத் திருத்தியது

1924-ஆம் ஆண்டில் கிரூ வாஷிங்டனில் வெளிநாட்டு இலாகாவின் துணைக் காரியதரிசியானார். அவ்வாண்டு மே மாதத்தில் ரோஜர்ஸ் சட்டம் என்பது நிறைவேறிற்று. அதுவரையில் தூதர் பிரிவும் கொன்ஸல் பிரிவும் தனித்தனி இருந்தன. செல்வமுடையோரே தூதர் பிரிவில் நிலைக்க இயலும். சம்பளம் மிகச் சிறிது. இச்சட்டம் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கி, தேர்வினால் ஆள் எடுத்தலையும், தகுதியினால் உயர்த்துதலையும், ஓய்வுச் சம்பளத்தையும் ஏற்படுத்திற்று. சட்டத்தைச் செயற்படுத்தும் குழுவுக்குக் கிரூ தலைவராயிருந்தார். பழைய தூதர் பிரிவினர்க்கே பதவி உயர்வு மிகுதியாக வழங்கப்படுகின்றது என்று கொன்ஸல் பிரிவினர் முறையிட்டனர். அம்முறையீட்டில் உண்மையும் இருந்தது. பெரியோர் சரித்திரம் எழுதுவோர் அவர்தம் குறைகளை மறைத்தல் முறையன்று ஆதலின் இதனையும் கூறினோம்.

1927-ஆம் ஆண்டில் துருக்கிக் குடியரசுக்கு அமெரிக்காவின் முதல் அம்பாஸிடராகக் கிரூ நியமனம் பெற்றார். கைரோவில் குமாஸ்தாவாய் அமர்ந்த நாளிலிருந்து இப்பதவியை அடைய 23 ஆண்டுகள் ஆயின. செனட் சபை தள்ளிய உடன்படிக்கையால் மனம் கசந்திருந்த துருக்கியரிடையே ஐந்தாண்டு பொறுமையாகப் பழகி, 1929-இல் புதிய வாணிக உடன்படிக்கை ஒன்றை முடித்துத் தந்தார்.

ஜப்பானில்

1932-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிரூ டோக்கியோ சேர்ந்தார். அந்நாடு அப்போது கொந்தளித்துக்கொண்டிருந்தது. முந்திய ஆண்டில் ஜப்பானியச் சேனை மஞ்சூரியாவைக் கைப்பற்றியிருந்தது. கிரூ வந்து சேர்வதற்குச் சில வாரங்கட்கு முன், மே மாதம் 15-ஆம் தேதி, பிரதம மந்திரி இனுகாய் இளம் கடற்படை அதிகாரிகளால் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டில் ஜப்பான் சர்வதேச சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது.

இந்நிலையில் கிரூ மேற்கொண்ட நெறி ஒன்றுண்டு. ஜப்பானியர் எல்லோரும் போர்வெறி கொண்டவர் அல்லர். சக்கரவர்த்தியின் அருகிலுள்ள முதியோர் பலர் அமைதியை விரும்புவோர். அவர் கை வலுப்பெறும்வரை பொறுத்திருப்பதே தூதன் கடமை என்று அவர் எண்ணினார். தாம் கண்டதும் கேட்டதும் அனைத்தையும் தட்டெழுத்துப் பொறியில் தாமே நாட்குறிப்பாக எழுதி வந்தார். எனினும் அவர்க்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஒஸாகா நகரத்தில் பிறந்து அம்மொழியில் தேர்ந்த டூமன் என்னும் உதவியாளரையே நம்பியிருந்தார். பழகியவரும் பெரும்பாலும் அரண்மனையைச் சார்ந்தோரும் உயர்குடியினருமே. அங்காடியிலும் வயலிலும் சேனைக் கொட்டிலிலும் எழுந்த குரல் அவர் செவிக்கு முழுதும் எட்டியிருக்க இயலாது. அமைதி விரும்புவோரின் வலிமையை அவர் மிகைப்படக் கணித்தார் என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர் சிலர் குறை கூறியதற்கு இதுவே காரணம்.

ஒரு விருந்தும் மறுநாள் விடியலும்

அவர் நம்பிய முதியோருள் இருவரை நாம் நினைவில் கொள்ளுதல் வேண்டும். ஒருவர், முன்பு பிரதம மந்திரியாயிருந்து, சக்கரவர்த்தியின் முத்திரை காக்கும் உயர்பதவி வகித்த ஸைட்டோ. மற்றவர், அரண்மனைத் தலைமை அதிகாரியாயிருந்த சுசுகி. இருவரும் கடற்படைத் தலைவராய் விளங்கி முதிர்ந்தவர்.

1936-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 25-ஆம் தேதி மாலை இவ்விருவரையும் கிரூ தம் தூதகத்துக்கு விருந்துக்கு அழைத்தார். உணவின்பின் பேசும் படம் ஒன்று காட்டப்பட்டது. முதியவராகிய ஸைட்டோ இரவு நெடுநேரம் இருந்து அதனைக் கண்டு களித்து வீடு திரும்பினார். மறுநாள் விடியுமுன் ஏறத்தாழ 1,400 போர்வீரர் கிளர்ந்தெழுந்து நகரின் நடுப்பகுதியைக் கைப்பற்றினர். ஸைட்டோ தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுசுகி பல குண்டுகள் பாய்ந்து, உயிர் பிரியும் நிலையிலிருந்து தப்பினார். முதல்நாள் இரவு தம்முடன் இருந்து உண்டவரின் உடலுக்கு மரியாதை செய்யக் கிரூவும் மனைவியாரும் அவ்வீட்டுக்குச் சென்றனர். கிளர்ச்சி மூன்று நாளில் அடங்கிற்று. ஆயினும் அமைதி விரும்பிய முதியோர் அதன்பின் அஞ்சி நடந்தனர்; சேனையின் கை ஓங்கிற்று.

பனாய்க் கப்பல்

1937-ஆம் ஆண்டில் ஜப்பானுக்கும் சீனத்துக்கும் பெரும்போர் மூண்டது. டிசம்பர் மாதம் 12-ஆம் தேதி, சீனத்து யாங்சி ஆற்றில் நின்ற பனாய் என்னும் அமெரிக்கப் போர்ப்படகை ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. 1915-இல் லூசிடானியா என்னும் கப்பல் மூழ்கியபோது பெர்லினில் இருந்த கிரூ, இப்போதும் பெட்டி கட்டவேண்டி வரும் என்றே எண்ணினார். ஆனால் வெளிநாட்டு மந்திரி ஹிரோட்டா தாமே தூதகத்துக்கு வந்து மன்னிப்பு வேண்டினார். அதனினும் வியப்பானது ஒன்று நிகழ்ந்தது. ஜப்பானியப் பொதுமக்கள் வருத்தம் தெரிவித்துத் தூதகத்துக்கு வந்தவண்ணம் இருந்தனர். பெண்ணொருத்தி தன் கூந்தலை அரிந்து ஒரு பூவோடு வைத்துச் சென்றாள். அரசு வேறு, மக்கள் வேறு என்பது கிரூவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது அப்போதுதான். 1938 ஏப்ரலில் ஜப்பான் 22 லட்சம் டாலருக்கு மேல் நட்ட ஈடு கொடுத்தது. போர் அன்று தவிர்ந்தது.

இருபக்கமும் கசப்பான உண்மை

தூதன் இனியன கூறுவோன் என்பது உலகோர் கருத்து. 1939 அக்டோபர் 19-ஆம் தேதி டோக்கியோவில் அமெரிக்க-ஜப்பானியச் சங்கத்து விருந்தில் கிரூ பேசிய பேச்சு அக்கருத்துக்கு மாறானது. சீனத்தில் ஜப்பானியச் சேனை செய்வனவற்றை அமெரிக்க மக்கள் வெறுக்கின்றனர் என்பதனை, ஜப்பானின் பெருமக்கள் நிறைந்த அவையில் ஒளியாது எடுத்துரைத்தார். இஃது அந்நிய நாட்டார்க்குக் கூறிய உண்மை.

தம் நாட்டார்க்குக் கூறியதோ அதனினும் அரியது. 1940 செப்டம்பரில், மென்மை மட்டும் இனிப் பயன்படாது, உறுதி காட்டவேண்டும் என்று தந்தி அனுப்பினார். எட்டாண்டு தாம் கைக்கொண்ட கொள்கையைத் தாமே திருத்திக்கொண்டார். 1941 ஜனவரி 27-ஆம் தேதி மற்றொரு தந்தி அனுப்பினார். அமெரிக்காவோடு பகை முற்றுமாயின் ஜப்பானியர் தம் முழுவலிமையோடு பேர்ள் துறைமுகத்தைத் திடீரெனத் தாக்குவர் என்று பேச்சு நிலவுவதாகப் பெரு நாட்டு மினிஸ்டர் வாயிலாகக் கேள்வியுற்று, அதனை அவ்வாறே தெரிவித்தார். வாஷிங்டனில் கடற்படை அதிகாரிகள் அதனை வெறும் வதந்தி என ஒதுக்கினர்.

அவ்வாண்டு ஜூலையில் ஜப்பானியச் சேனை தென் இந்தோசீனத்தில் புகுந்தது. அமெரிக்கா ஜப்பானியர் பணத்தை முடக்கி எண்ணெய் விற்பனையையும் நிறுத்தியது. எண்ணெயில் பெரும்பகுதியை அமெரிக்காவிலிருந்தே பெற்றுவந்த ஜப்பானுக்கு, ஒன்று இணங்குதல், மற்றொன்று போர் புரிந்து எண்ணெய் வளநாடுகளைக் கைப்பற்றுதல் என்னும் நிலை வந்தது. பிரதம மந்திரி கொனோயே, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை நேரிற் சந்தித்து ஒரு முடிவுக்கு வர விரும்பினார். செப்டம்பர் 6-ஆம் தேதி இரவு, கிரூவைத் தனியிடத்தில் மறைவாக வரவழைத்து மூன்று மணி நேரம் உரையாடினார். அன்று காலையில்தான் சக்கரவர்த்தியின் முன் கூடிய அவை, பேச்சு பலிக்காவிடில் போருக்கு ஆயத்தம் செய்வதென்று தீர்மானித்திருந்தது. சந்திப்புக்கு இணங்குமாறு கிரூ வாஷிங்டனைப் பலமுறை வேண்டினார். முதலில் அடிப்படைகளில் உடன்பாடு வேண்டும் என்று வாஷிங்டன் மறுத்தது. சீனத்தை விட்டு விலகச் சேனைத் தலைவர் இணங்கார் என்பதும் கொனோயேயின் சொல்லைச் சேனை ஏற்குமா என்பதும் உண்மையான ஐயங்களே. ஆதலின் மறுத்தவரை முழுதும் குற்றஞ்சொல்ல இயலாது. கொனோயே அக்டோபரில் பதவி துறந்தார். டோஜோ என்னும் சேனைத் தலைவர் பிரதம மந்திரியானார். நவம்பர் 3-ஆம் தேதி கிரூ மீண்டும் எச்சரித்தார். பொருளாதார நெருக்கடியால் ஜப்பான் பணிந்துவிடும் என்று எண்ணவேண்டா. தன்னை அழித்துக்கொள்ளவும் துணிந்து அது எதிர்பாராத வேளையில் பாயக்கூடும் என்பது அதன் சாரம்.

கடைசி நள்ளிரவு

டிசம்பர் 6-ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து ரூஸ்வெல்ட் சக்கரவர்த்திக்கு நேரே ஓர் ஓலை விடுத்தார். அஃது ஏழாம் தேதி நண்பகலில் டோக்கியோத் தந்தி அலுவலகம் சேர்ந்தது. ஆனால் அந்நிய நாட்டுத் தந்திகளைத் தாமதிக்குமாறு சேனையார் கட்டளையிட்டிருந்தமையின், இரவு பத்தரை மணிக்கே கிரூவின் கைக்கு எட்டியது. நள்ளிரவு கழிந்து கால்மணி நேரத்தில் அவர் வெளிநாட்டு மந்திரி டோகோவின் இல்லத்துக்கு விரைந்து சென்று, ஓலையைப் படித்துக் காட்டி, சக்கரவர்த்தியை நேரிற் காண இசைவு வேண்டினார். மந்திரி அரசருக்குத் தெரிவிப்பதாகக் கூறினார்.

மூன்று மணி நேரத்துக்குப்பின், ஹவாய்த் தீவில் ஏழாம் தேதிக் காலையாயிருந்தபோது, ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின; 2,400 அமெரிக்கர் மாண்டனர். டோக்கியோவில் எட்டாம் தேதிக் காலை ஏழு மணிக்கு மந்திரி கிரூவை அழைத்து, பேச்சுவார்த்தை முடிந்ததெனத் தெரிவித்து விடை கொடுத்தார். போர் மூண்டது குறித்து ஒரு சொல்லும் கூறவில்லை. தூதகம் திரும்பிய பின்னரே செய்தி தெரிந்தது. வியன்னாவில் கண்ட துன்பம் கிரூவுக்கு இரண்டாம் முறையும் நேர்ந்தது. தூதகத்து வாயில் அடைபட்டது.

ஆறு மாத காலம் அவரும் உடனிருந்தோரும் தூதக மதிலுக்குள்ளேயே காவலில் வைக்கப்பட்டனர். 1942 ஜூன் 25-ஆம் தேதி அஸாமா மாரு என்னும் கப்பலில் ஜப்பானை விட்டு நீங்கினர். ஆப்பிரிக்கக் கரையில், இப்போது மபூட்டோ என வழங்கும் லோரன்சோ மார்க்கஸ் துறைமுகத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த ஜப்பானியத் தூதரும் டோக்கியோவிலிருந்து சென்ற அமெரிக்கத் தூதரும் கப்பல் மாறினர். ஆகஸ்ட் 25-ஆம் தேதி கிரூ நியூயார்க் சேர்ந்தார்.

பகைநாட்டுக்காகத் தம் நாட்டிடம் தூது

தாயகம் வந்த கிரூ ஊர் ஊராகச் சென்று, ஜப்பானியச் சேனையின் வலிமையை எளிதாக எண்ணவேண்டா என்று அமெரிக்கர்க்கு எடுத்துரைத்தார். அதனை யாவரும் வரவேற்றனர். ஆனால் 1943 டிசம்பரில் சிகாகோ நகரில் வேறொன்றும் பேசினார். ஜப்பானியர் அனைவரும் கொடியர் அல்லர். போர் முடிந்தபின் அந்நாட்டில் ஒழுங்கு நிலைக்கச் சக்கரவர்த்தியின் நிலை பயன்படக்கூடும் என்னும் பொருளமைய அவர் பேசியதனைப் பத்திரிகைகள் பல கடிந்தன. பகைவர்க்கு இரங்குவோன் என்னும் பழி அவர்மேல் விழுந்தது. கூந்தலை அரிந்து வைத்த பெண்ணை அவர் கண்டிருந்தார், கடிந்தோர் கண்டிலர்.

1944 டிசம்பரில் அவர் மீண்டும் வெளிநாட்டு இலாகாவின் துணைக் காரியதரிசியானார். 1945 ஏப்ரலில் ஜப்பானின் பிரதம மந்திரியாக வந்தவர் யார் எனின், ஒன்பதாண்டுக்கு முன் கிரூவின் விருந்துண்டு மறுநாள் குண்டுபட்டுப் பிழைத்த அந்தச் சுசுகியே. போரை முடிக்க விரும்பும் முதியவர் ஒருவர் அப்பதவிக்கு வந்துள்ளார் என்பதனைக் கிரூ உணர்ந்தார். மே மாதம் 28-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமனைக் கண்டு, சரணடைந்தபின் தம் ஆட்சி முறையைத் தாமே தெரிந்துகொள்ள ஜப்பானியர்க்கு உரிமை உண்டு என இப்போதே அறிவித்தால் அவர்கள் பணிவது எளிதாகும் என்று எடுத்துரைத்தார். அரசகுலம் அழிக்கப்படும் என்னும் அச்சமே அவர்களை இறுதிவரை போர்புரியத் தூண்டுகின்றது என்பது அவர் கருத்து. ட்ரூமன் அதனை மறுக்கவில்லை. ஆனால் படைத்துறையைச் சார்ந்தோர் காலம் வாய்க்கவில்லை என்று தள்ளிவைத்தனர். ஜூலை மாதம் 26-ஆம் தேதி வெளியான போட்ஸ்டாம் அறிக்கையின் முதல் வரைவில் அரசகுலத்தைப் பற்றிய வாசகம் இருந்தது. வெளியானபோது அது நீக்கப்பட்டிருந்தது.

ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஹிரோஷிமாவிலும் 9-ஆம் தேதி நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்தது. ஹிரோஷிமாவில் மட்டும் அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 மக்கள் மாண்டனர் என்பர். ஒன்பதாம் தேதியே ரஷ்யாவும் ஜப்பான்மேல் படையெடுத்தது. பத்தாம் தேதி, சக்கரவர்த்தியின் உரிமை ஒன்று நீங்க மற்றனைத்துக்கும் இணங்குவதாக ஜப்பான் தெரிவித்தது. வெற்றி கொண்ட நாடுகளின் படைத்தலைவர்க்கு உட்பட்டுச் சக்கரவர்த்தி இருப்பார் என்னும் பொருள்பட அமெரிக்கா மறுமொழி தந்தது, போர் முடிந்தது. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின்படி சக்கரவர்த்தி அதிகாரமற்ற நாட்டின் அடையாளமாக நிலைத்தார். கிரூ மே மாதத்தில் கேட்டது ஆகஸ்டில் ஒருவாறு நடந்தது. இடையில் இரு நகரங்கள் அழிந்தன. மே மாதத்திலேயே அறிவித்திருந்தால் ஜப்பான் பணிந்திருக்குமா என்பதில் அறிஞர் இன்றும் மாறுபடுகின்றனர். அதனை நாம் தீர்த்துக் கூறத் துணியோம்.

இறுதிக் காலம்

1945 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, போர் ஓய்ந்த வேளையிலேயே, கிரூ பதவியினின்று ஓய்வு பெற்றார். ஜப்பானில் தாம் கழித்த பத்தாண்டைப் பற்றிய நாட்குறிப்பு நூல் 1944-இல் வெளிவந்திருந்தது. தம் நாற்பதாண்டு வரலாற்றை 1952-இல் இரண்டு பாகமாக வெளியிட்டார். முந்திய நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பால் வந்த பொருளைத் தாம் கொள்ளாது, ஜப்பானிய மாணவர் அமெரிக்கக் கல்லூரிகளில் பயில உதவும் நிதியாக அமைத்தார். மன்னர்க்கிடையே எடுத்த தூது தவறியபின் மாணவரைத் தூதராக்க விரும்பினார் போலும். 1965-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, 85 ஆண்டு நிறைவதற்கு இரண்டு நாள் இருக்கையில், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் தம் இல்லத்தில் உயிர் நீத்தார்.

நாம் கொள்ளத்தக்கது

கண்ணபிரான் தூதும் போரைத் தடுக்கவில்லை. அதுபற்றி அவரைத் தோற்ற தூதர் என்று எவரும் கூறுவதில்லை. செவிசாய்க்காத அவையே தோற்றது என்பர். கிரூ மனிதர். அவர் கணிப்பிலே பிழைகள் இருந்தன, பழகிய வட்டம் குறுகியது, மொழி அறியார். ஆயினும் தம்மை அனுப்பியோர் விரும்புவதனையே எழுதியனுப்பிப் பெயர் வாங்கும் எளிய வழியை அவர் கொள்ளவில்லை. அந்நிய அவையில் தம் நாட்டின் சினத்தையும், தம் நாட்டு அவையில் அந்நியரின் அச்சத்தையும் ஒளியாது உரைத்தார். தம் பழைய கருத்து பிழையெனக் கண்டபோது அதனையும் மறையாது மாற்றிக்கொண்டார்.

நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் இன்று பற்பல அலுவலகங்களில் பணிபுரிகின்றனர். மேலோர்க்கும் கீழோர்க்கும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும், ஓர் ஊர்க்கும் மற்றோர் ஊர்க்கும் இடையே நின்று பேசும் நிலை அவர்க்கு நாள்தோறும் நேர்கின்றது. அந்நிலையில் நிற்போர் யாவரும் ஒருவகையில் தூதரே. கூறியதனைக் கூறிவிட்டு நீங்குதல் எளிது. சம்பளத்துக்கும் அதனால் குறைவில்லை. கண்டதனை ஆராய்ந்து, அனுப்பியவர்க்கே கசந்தாலும் எடுத்துரைத்தல் அரிது. அவ்வரியதனைச் செய்தோர் சொல் அன்று ஏற்கப்படாமற் போகலாம். ஆயினும் பின்னர் வருவோர் ஏட்டைப் புரட்டிப் பார்க்கும்போது, உரிய காலத்தில் உண்மை உரைக்கப்பட்டிருந்தது என்பது அங்கே இருக்கும். கிரூவின் தந்திகளும் நாட்குறிப்பும் இன்றும் அவ்வாறே இருக்கின்றன.